நியாயத்தைப் படிக்க எந்த மேஜர்? தமிழா, ஆங்கிலமா, அரசியலா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாலாம் நாள், வீரவநல்லூரிலிருந்து அண்ணன் மகள் போனில் கூப்பிட்டாள். அரசுப் பள்ளி, தமிழ் வழி, நல்ல மார்க். "அத்தை, எது நியாயம், யாருக்கு எதுக்கு அதிகாரம், இதையெல்லாம் ஒழுங்கா யோசிக்கப் படிக்கணும்னா காலேஜ்ல எந்த மேஜர் எடுக்கணும்?" என்று கேட்டாள். பின்னாலிருந்து அண்ணன் குரல்: "யோசிக்கதுக்கு எதுக்குட்டி காலேஜு? திண்ணையில இருந்து யோசி, பீஸும் கிடையாது."

அண்ணன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் திண்ணையில் யோசிக்கிறவர்களை நான் தினமும் நீதிமன்ற வாசலில் பார்க்கிறேன். எல்லோருக்கும் தன் பக்கம் மட்டும் நியாயமாகத் தெரியும். அடுத்தவன் பக்கத்தையும் பார்க்க எங்கேயாவது ஓரிடத்தில் பழகித்தான் ஆக வேண்டும்.

அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தது இது: பி.ஏ. தமிழ், பி.ஏ. ஆங்கிலம், பி.ஏ. வரலாறு, பி.ஏ. அரசியல் அறிவியல். ஐந்தாவதாக ஐந்து வருடச் சட்டப் படிப்பை அண்ணன் சேர்த்திருந்தான், நான் வக்கீல் என்பதால். அதை முதலில் அடிக்கச் சொன்னேன். எந்த டிகிரி முடித்தாலும் மூன்று வருட எல்எல்.பி. சேரலாம். நானே ஆங்கிலம் படித்துவிட்டுத்தான் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிக்குப் போனேன். கூட ஒரு வருடம் ஆகும், ஆகட்டும். பதினேழு வயதில் நேராகச் சட்டத்துக்குள் போனால் சட்டத்தில் இருப்பதெல்லாம் நியாயம் என்று தோன்றிவிடும். அந்த நினைப்பு மாற ரொம்ப நாளாகும்.

உள்ளபடி அவள் கேள்விக்குச் சொந்தமான துறை தத்துவம். இளங்கலையில் தத்துவம் வைத்திருக்கும் கல்லூரிகள் தமிழ்நாட்டிலேயே கொஞ்சம்தான். அவ்வளவு தூரம் விடுதியில் விட அண்ணன் தயாரில்லை. இதில் ஒரு வேடிக்கை. அபிஷேகப்பட்டியில் இருக்கிற நம் பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள சுந்தரனார் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். அவர் 1891ல் தமிழுக்கு எழுதித் தந்தது 'மனோன்மணியம்' என்ற நாடகம். பல்கலைக்கழகத்தின் பெயரில் முன்பாதி அவருடைய நாடகம், பின்பாதி அவர்.

சரி, கைக்கு எட்டுகிற நாலையும் பார்ப்போம்.

அரசியல் அறிவியல் தருவது சொற்களை. உரிமை, இறையாண்மை, ஒப்புதல், பிரதிநிதித்துவம். சாதாரணமாக நினைக்க வேண்டாம். பேர் தெரியாத வலியை டாக்டரிடம் காட்டவே கஷ்டம். அப்புறம், கேள்வியைச் சுத்தமாகக் கேட்கவும் இந்தத் துறை பழக்கும். 1971ல் ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கர் நியாயத்தைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதில் வருகிற யோசனையை வீரவநல்லூர்க்காரிக்கு விளக்க அரை நிமிடம் போதும். கன்னடியன் கால்வாயில் தண்ணீரை எப்படிப் பங்கு வைப்பது என்று விதி எழுதப் போகிறாய். உன் வயல் தலைமடையிலா கடைமடையிலா என்பது உனக்குத் தெரியாது. எழுதி முடித்த பிறகுதான் சொல்வார்கள். இப்போது எழுது. உனக்கு எது கிடைத்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி எழுதுவாய் அல்லவா, அதுதான் நியாயமான விதி. அவ்வளவு பெரிய புத்தகத்தின் சாரத்தில் பாதி இது. அவளுக்கு உடனே பிடித்துவிட்டது. "இதையே படிச்சிருவோமா அத்தை?" என்றாள்.

கொஞ்சம் பொறு என்றேன். கடைமடைக்காரன் ராத்திரி ரெண்டு மணிக்கு மண்வெட்டியும் டார்ச்சுமாக மடையை நோக்கி நடக்கிறான். அங்கே ஏற்கனவே ஒருத்தன் நிற்கிறான், சொந்தத்தில் மச்சான் முறை. அந்த நிமிடம் இரண்டு பேர் மனசிலும் ஓடுவது எந்த விதியிலும் இருக்காது. நான் பார்த்த வரப்புத் தகராறு வழக்குகளில் விதி தெரியாமல் வெட்டிக்கொண்டவர்கள் குறைவு. விதி நன்றாகத் தெரிந்துதான் வெட்டியிருக்கிறார்கள். அந்த இடத்துக்குள் நம்மைக் கூட்டிப்போவது கதைதான்.

அரசியல் அறிவியலில் இன்னொரு சிக்கல், எல்லாக் கல்லூரியிலும் இது கிடையாது. வரலாறுதான் பரவலாகக் கிடைக்கிறது. வரலாற்றைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, நல்ல ஆசிரியர் கிடைத்தால் அதைவிட ஒசந்த படிப்பு இல்லை. 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908 மார்ச் 13ல் திருநெல்வேலி எழுச்சி என்று தேதிகளை ஒப்பிப்பதோடு நின்றால் மட்டும் வீண். அந்தத் தேதிகளுக்குச் சொந்தக்காரரான வ.உ.சி. வக்கீல், தொழிற்சங்கத்துக்காரர், கப்பல் ஓட்டியவர். அவரே திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை எழுதினார், தொல்காப்பியத்தைப் பதிப்பித்தார். அவருக்கு இது அரசியல், இது இலக்கியம் என்று தனித்தனி அலமாரி இருந்ததாகத் தெரியவில்லை. வரலாற்று வகுப்பில் கப்பலோடும் செக்கோடும் அவரை விட்டுவிடுகிறார்கள். தமிழ் வகுப்பிலோ உரையாசிரியர் பட்டியலில் ஒரு பெயர்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். இது என் சொந்த மேஜர் என்பதால் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1854ல் எழுதிய 'ஹார்ட் டைம்ஸ்' நாவல் ஒரு வகுப்பறையில் தொடங்குகிறது. குதிரை என்றால் என்ன, சொல் என்று ஒரு சிறுமியைக் கேட்கிறார்கள். அவள் அப்பா சர்க்கஸில் குதிரைகளோடு வேலை செய்கிறவர், அவள் குதிரைகளுக்கு நடுவிலேயே வளர்ந்தவள். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. இன்னொரு பையன் எழுந்து, நாலு கால், புல் தின்னும், பல் நாற்பது என்று கடகடவென ஒப்பிக்கிறான். அவனுக்குச் சபாஷ். அவளுக்கு, இப்போது குதிரை என்றால் என்னவென்று தெரிந்துகொண்டாயா என்று ஒரு கேள்வி. மார்த்தா நுஸ்பாம் என்ற தத்துவப் பேராசிரியர் சிகாகோவில் சட்ட மாணவர்களுக்கு நாவல்கள் வைத்துப் பாடம் நடத்தியவர். நீதிபதி ஆகப் போகிறவனுக்கு நாவல் எதற்கு என்று அவர் எழுதிய புத்தகத்தில் இந்த நாவலுக்குப் பெரிய இடம் உண்டு. மனிதர்களை எண்ணிக்கையாக மட்டும் பார்க்கிற கண்ணுக்குத் தீர்ப்பு எழுதத் தெரியாது என்பது அவர் கட்சி. எனக்கும் அதே கட்சிதான்.

இந்த நாவலை நான் படித்தது கல்லூரியில் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். எல்எல்.பி. முடித்த பிறகு. கல்லூரியில் நாங்கள் படித்தது கைடு. கிரேக்க நாடகம் 'ஆன்டிகனி' எங்களுக்குப் பாடமாக இருந்தது. நாட்டுக்கு எதிராகப் படையெடுத்து வந்து செத்தவனைப் புதைக்கக் கூடாது என்பது அரசன் ஆணை. செத்தவனின் தங்கை ஆணையை மீறிப் புதைக்கிறாள். தேர்வில் அவள் செய்தது சரியா என்று கேள்வி. ஊரில் இழவு வீட்டுக்குப் பகையாளியும் வந்து நிற்பான், அந்த வழக்கத்தை வைத்து, அரசன் தோற்ற இடம் எது என்று இரண்டு பக்கம் எழுதினேன். பத்துக்கு மூன்று. ஏன் என்று போய்க் கேட்டேன். "நீ எழுதினது நல்லாத்தான் இருக்கு, ஆனா கைடுல இல்லையே" என்றார் மேடம். பல் நாற்பது என்று சொல்லியிருக்க வேண்டும் போல.

எல்லா ஆங்கிலத் துறையும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பாளையங்கோட்டையில் தலைமுறை தலைமுறையாக நல்ல ஆங்கில ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் தமிழ் வழியில் வந்த பிள்ளைக்கு முதல் ஒன்றரை வருடம் வாக்கியத்தைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும். வாக்கியத்தோடு மல்லுக்கட்டுகிறபோது அந்த அரசன் செய்தது நியாயமா என்று யோசிக்க மூச்சு இருக்காது. தாண்டிவிட்டால் லாபம் பெரிசு. பிளேட்டோவிலிருந்து ஆப்பிரிக்க நாவல் வரைக்கும் கதவு திறக்கும், ஆயுசு முழுக்க. அந்த ஒரு காரணத்துக்காக நான் எடுத்த மேஜருக்கு இன்றும் வருத்தப்படவில்லை. அதே சமயம், எனக்கு நியாயத்தைப் பற்றி யோசிக்கக் கற்றுக்கொடுத்தது அது என்று சொன்னால் பொய்.

கற்றுக்கொடுத்தது சிலப்பதிகாரம். அதுவும் கறுப்புக் கோட்டு போட்ட பிறகு, ஒரு லீவு நாளில், சும்மா எடுத்துப் புரட்டியபோது. பள்ளிக்கூடத்தில் வழக்குரை காதை எல்லோரும் படித்ததுதான். 'தேரா மன்னா' என்று கண்ணகி தொடங்குவாள், 'யானோ அரசன் யானே கள்வன்' என்று பாண்டியன் விழுவான். கைதட்டல். ஆனால் வக்கீல் கண்ணுக்கு அதற்கு முன்னால் வருகிற கொலைக்களக் காதையில்தான் வேலை. பாண்டிமாதேவி ஊடிக்கொண்டு போயிருக்கிறாள், சமாதானப்படுத்த அரசன் அவசரமாகப் போகிறான். போகிற வழியில் பொற்கொல்லன் காலில் விழுந்து, சிலம்பு திருடியவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அரசன் காவலர்களைக் கூப்பிட்டுச் சொல்வது: சிலம்பு அந்தக் கள்வன் 'கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு'.

அந்த 'ஆகில்' என்ற சொல்லில் நான் அரைமணி நேரம் நின்றேன். இது நிபந்தனை உத்தரவு. கையில் இருந்தால் கொல். அதாவது, திருட்டுப் பொருள்தானா என்று பார்க்கிற வேலையைக் காவலர்களுக்குத் தள்ளிவிட்டான். காவலர்களில் சிலருக்கு இவனைப் பார்த்தால் கள்வன் மாதிரி இல்லையே என்று சந்தேகம். பொற்கொல்லன் அவர்களுக்குத் திருட்டு சாஸ்திரமே நடத்துகிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே குடிகாரன் ஒருத்தன் வாளை வீசிவிடுகிறான். இப்போது சொல்லுங்கள், கோவலனைக் கொன்றது யார்? உத்தரவு போட்டவனா, பொய் சொன்னவனா, சந்தேகம் வந்தும் தடுக்காமல் நின்றவர்களா, வீசியவனா? மேலதிகாரி வாய்மொழி உத்தரவு, கீழே ஒருத்தன் கை, நடுவில் யாருக்கும் பொறுப்பில்லை. இந்த மாதிரிக் கேஸ் கட்டு இன்றைக்கும் வருகிறது. அரசியல் அறிவியல் இதற்கு அதிகாரப் பகிர்வு, பொறுப்புக்கூறல் என்று பேர் வைத்திருக்கிறது. பேர் தெரிந்தால் நல்லது. ஆனால் அந்த ஊடல், அந்த அவசரம், அந்த 'ஆகில்' இல்லாமல் பேரை மட்டும் வைத்துக்கொண்டு அது எப்படி நடக்கிறது என்று தெரியாது.

தமிழில் இப்படிக் கிடைப்பது ஒன்றிரண்டு இல்லை. வரி எப்படி வாங்க வேண்டும் என்று பிசிராந்தையார் அறிவுடை நம்பிக்குச் சொன்ன புறநானூற்றுப் பாட்டு இருக்கிறது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிப் போட்டால் துண்டு நிலத்து விளைச்சல்கூட யானைக்குப் பல நாள் வரும். யானையே தனியாக வயலில் புகுந்தால் நூறு வயல் இருந்தாலும் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதுதான் அதிகம். கடையம் பக்கம் மலையடிவாரத்தில் வயல் வைத்திருக்கிறவர்களுக்கு இதற்கு உரையே தேவையில்லை. குறளில் 'வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு' என்று வருகிறதே, அதில் 'இரவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரத்தல். அதிகாரத்தில் இருக்கிறவன் பிச்சையாகவே கேட்டாலும் வேலைப் பிடித்துக்கொண்டு கேட்ட மாதிரிதான். கையில் ரசீதுப் புத்தகத்தோடு கடைக்கு வந்து, "ஒங்களால முடிஞ்சதக் குடுங்க" என்று நிற்கிறவரை எந்தக் கடைக்காரராவது வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறாரா?

இவ்வளவு சொன்னதும் தமிழ்தான் என்று அவள் முடிவுக்கே வந்துவிட்டாள். அதனால் தமிழ் மேஜரின் மறுபக்கத்தையும் சொன்னேன். இரண்டு தொல்லை. ஒன்று இலக்கணம். நன்னூல், யாப்பு, தொல்காப்பியம் என்று மூன்று வருடமும் கூடவே வரும், தப்பிக்க முடியாது. அது பரவாயில்லை, 'ஆகில்' மாதிரிச் சொல்லில் நிற்க அந்தப் பயிற்சி உதவும். இரண்டாவதுதான் பெரிய தொல்லை. பெருமை. நம் தமிழ் வகுப்புகளில் பாதி நேரம் புகழ்ச்சியில் போகிறது. அன்றே சொன்னான் தமிழன் என்று ஆரம்பித்தால், சொன்னது சரியா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

உதாரணம் கேட்டாள். கொற்கையைச் சொன்னேன். தாமிரபரணி அந்தக் காலத்தில் கடலில் சேர்ந்த அதே கொற்கைதான், பாண்டியனுக்கு முத்து வந்த ஊர். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகி சிலம்பில் மாணிக்கம், வழக்கே அதில்தான் தீர்ந்தது. பாண்டியன் இறந்த பிறகு, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. எப்படி? பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுத்து. காவியத்தின் தொடக்கத்தில் வருகிற உரைபெறு கட்டுரையில் இருக்கிறது, நீர்ப்படைக் காதையிலும் இருக்கிறது. அதன்பின் மழை பெய்ததாம், நாடு செழித்ததாம்.

விசாரிக்காமல் ஒருவனைக் கொன்றதற்கு அரசன் உயிர் போனது, நகரம் எரிந்தது. அடுத்து வந்தவன் ஒரு பொற்கொல்லன் செய்ததற்கு ஆயிரம் பொற்கொல்லரைக் கொல்கிறான், யாரும் சிலம்பைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அந்த ஆயிரம் பேருக்கும் பெண்டாட்டிகள் இருந்திருப்பார்கள். அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும் என்று ஆரம்பித்த காவியம் இந்த இடத்தில் சாதாரணமாகத் தாண்டிப் போகிறது. என் பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை. இந்த இடத்தில் அரசியல் அறிவியல் படித்தவள் சட்டென்று நிற்பாள். கூட்டுத் தண்டனை கூடாது என்று 1949 ஜெனீவா உடன்படிக்கை சொல்லியிருப்பது அவளுக்குத் தெரியும். தமிழ் மட்டும் படித்தவள் கண்ணகியின் பெருமையில் தாண்டிவிடக்கூடும். ஒருத்தன் செய்ததற்கு ஒரு தெருவே பதில் சொல்லியாக வேண்டும் என்கிற பழக்கம் நம் பக்கத்தில் செத்துப்போய்விடவில்லை. அதனால் இதைத் தாண்டிப் போவது வெறும் பாடப் பிரச்சினை கிடையாது.

ஏட்டில் இல்லாத இலக்கியமும் இங்கே உண்டு, அதற்கும் தமிழ்த் துறைதான் பக்கம். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாக வைப்பதை அவளே பார்த்திருக்கிறாள். வில்லுப்பாட்டில் அவன் முத்துப்பட்டன். பிராமணப் பையன். பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் வீட்டு அக்கா தங்கையைக் கட்ட ஆசைப்படுகிறான். பெண்ணைப் பெற்ற வாலப்பகடை போடுகிற நிபந்தனை: பூணூலையும் குடுமியையும் எடு, செருப்புத் தைக்கப் பழகு. செய்கிறான். கடைசியில் மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்த நாங்குநேரி நா. வானமாமலை ஒன்றைக் காட்டுகிறார். பின்னால் வந்த வடிவத்தில், அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள்தான், காட்டில் கிடைத்துப் பகடை வளர்த்தவர்கள் என்று மாற்றிவிட்டார்கள். ஒரே ஒரு திருத்தம், கதையின் முதுகெலும்பே போய்விட்டது. யாருக்கு அந்தத் திருத்தம் தேவைப்பட்டது என்று கேட்டால் அதுதான் அரசியல் பாடம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஆய்வு மையம் இருக்கிறது. முதுகலையில் யோசிக்கலாம்.

அண்ணனுக்கு வேலை பற்றிய கவலை. அதைச் சீக்கிரம் முடித்தேன். டிஎன்பிஎஸ்சிக்கு எந்த டிகிரியும் போதும், தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. யூபிஎஸ்சி முதன்மைத் தேர்வின் 1750 மார்க்கில் விருப்பப் பாடத்துக்கு 500. தமிழ், ஆங்கிலம், வரலாறு, அரசியல் அறிவியல் நாலுமே அந்தப் பட்டியலில் உண்டு. ஆசிரியர் வேலை என்றால் பி.எட். வேண்டும், அங்கேயும் போட்டி எல்லாப் பிரிவிலும் ஒன்றுதான். வக்கீல் ஆக எதுவும் தடையில்லை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் எந்த மேஜர் எடுத்தாலும் வரும். தனியார் கம்பெனி வேலை என்று பார்த்தால் ஆங்கிலத்துக்குக் கொஞ்சம் மவுசு அதிகம், மறைக்க வேண்டாம்.

அப்புறம் என் முடிவைச் சொன்னேன். இவளுக்குத் தமிழ். காரணம் மொழிப்பற்று கிடையாது. அரசியல் கோட்பாட்டை நல்ல புத்தகம் நாலைந்து கிடைத்தால் பின்னால் தானாகப் படித்துக்கொள்ளலாம். ஒரு சொல்லில் நின்று நாலு பேரோடு சண்டை போட்டுப் படிக்கிற பழக்கம் பதினெட்டு வயதில், வகுப்பில், கேட்க ஆள் இருக்கும்போது வந்தால்தான் உண்டு. அந்த நிற்றல் தெரிந்த மொழியில்தான் சீக்கிரம் வரும். கூடவே, இரண்டு வருடம் வருகிற பகுதி இரண்டு ஆங்கிலத்தைச் சம்பிரதாயத்துக்குப் படிக்காமல் மேஜர் மாதிரிப் படிக்க வேண்டும், சார்புப் பாடத்தில் வரலாறோ அரசியலோ கிடைக்கிற கல்லூரியாகப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதே கேள்வியை வேறு பிள்ளை கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். ஆங்கிலத்தில் கதைப் புத்தகம் படிக்கிற பிள்ளை ஆங்கிலமே எடுக்கட்டும். மாவட்ட நிர்வாகம், திட்டம், பட்ஜெட் என்று ஆர்வமுள்ளவனுக்கு அரசியல் அறிவியல். செய்யுளைக் கண்டாலே தூங்குகிறவனைத் தமிழ்த் துறையில் தள்ளுவது பாவம்.

துறையைவிட ஆளைப் பார்ப்பது முக்கியம் என்பதால் ஒரு வேலை கொடுத்தேன். அட்மிஷன் பாரம் வாங்கப் போகிற கல்லூரியில் இரண்டாம் வருடத்து அக்காக்கள் ரெண்டு பேரைப் பிடித்து, "போன பரீட்சையில சொந்தமா எழுதின பதிலுக்கு மார்க் போட்டாங்களா?" என்று மட்டும் கேள். கேன்டீனில் கேள், துறை வாசலில் கேட்காதே.

மூன்று கல்லூரிக்குப் போய்வந்தாள். ஒன்றில் அக்காக்கள் சிரித்தார்களாம். இன்னொன்றில் ஒருத்தி, "எங்க மிஸ் சண்டைக்கே வருவாங்க, ஆனா மார்க் போட்டுருவாங்க" என்றாளாம். அங்கே தமிழை முதலாவதாகவும் வரலாற்றை இரண்டாவதாகவும் எழுதிக் கொடுத்துவிட்டாள். அண்ணன் கையெழுத்துப் போட்டான், முணுமுணுத்துக்கொண்டே.

நேற்று நீதிமன்றத்துக்குக் கிளம்பும் நேரத்தில் போன். சிலப்பதிகாரத்தை வாங்கி உரைபெறு கட்டுரையைத் தேடிப் படித்திருக்கிறாள். "அத்தை, ஆயிரம் பேரைக் கொன்ன பெறகு மழை பேஞ்சுதுன்னு இருக்கே, அதை எழுதினவரே நம்பித்தான் எழுதுனாரா? இல்ல, இது இளங்கோ எழுதுனதே இல்லையா, பின்னால யாரும் சேத்ததா?"

பதினோரு மணிக்கு எனக்கு வாய்தா இருந்தது. சாயங்காலம் பேசுவோம் என்றேன்.